உடம்பு குறைக்கிற ஒப்பரேசன்: சரின்னு சொல்றதா வேணாமா, ஒரே பயமா இருக்கு

கொட்டகலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா மத்தவங்க எழுதுறத வாசிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் நானா ஒன்னு எழுதுறேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கங்க.

வயசு 36, உயரம் 158, நிறை 118 கிலோ. 6 வருசமா சீனி வருத்தம் இருக்கு, பிரஷரும் இருக்கு. ராவையில தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்டுக்காரர் பயந்து சொன்னதுல அதுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு, இப்ப காத்து அடிக்கிற மெஷினோட மாஸ்க் மாட்டிக்கிட்டுத்தான் படுக்குறேன். கண்டியில கிளினிக். போன மாசம் டொக்டர் கொப்பிய மூடி வச்சிட்டு, "இத்தன வருசம் நீங்க சாப்பாட்டக் கொறச்சுப் பாத்துட்டீங்க, நடந்தும் பாத்துட்டீங்க, இனியும் அதையே சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல, கொழும்புக்கு ஒப்பரேசனுக்கு எழுதுறேன், வீட்ல கதைச்சிட்டு வந்து முடிவு சொல்லுங்க"ன்னாரு. வயித்துல முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டு மிச்சத்த வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயா விடுவாங்களாம், ஸ்லீவ்னு பேரு. அடுத்த கிளினிக்குக்கு 5 கிழமை இருக்கு.

நான் படிப்பிக்கிற ஸ்கூல் ரோட்டுலருந்து 96 படி மேல. மூணு எடத்துல நிப்பேன். நாலாம் வகுப்புல ஒரு பொம்பளப் புள்ள தினமும் என் பேக்க வாங்கிக்கிட்டு முன்னால போகும். நான் மூணாவது தடவ நிக்கிற எடத்துல அதுவும் நிக்கும், ஆனா திரும்பிப் பாக்காது, ஓரத்துல இருக்குற தேயிலச் செடியில கொழுந்தக் கிள்ளிக்கிட்டே நிக்கும். நான் மூச்சு வாங்குறத அது பாத்தா எனக்கு வெக்கமா இருக்கும்னு அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. 9 வயசு அதுக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதுட்டேன்.

பயம் என்னான்னா, ஒன்னு, மேசையிலேயே ஏதாச்சும் ஆயிட்டா என் மகளுக்கு 7 வயசுதான். ரெண்டு, நாங்க இருக்குறது எங்க, ஆஸ்பத்திரி எங்க, மழைக்கு கினிகத்தேனை பக்கம் மண் சரிஞ்சு ரோடு மூடிருச்சுன்னா நடுவுல என்னா செய்றது. மூணாவதுதான் ராவுல தூங்க விடாதது. அம்மா கிட்ட சொன்னேன். அம்மா 1974 பஞ்சத்துல 11 வயசுப் புள்ள, லயத்துல மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் அவிச்சுத் தின்னு உசுரப் புடிச்சவங்க. "வயித்துக்கு இல்லாம சனம் செத்தத என் கண்ணால பாத்தவ நான், நல்லா இருக்குற வயித்த வெட்டி வீசப் போறேங்குறியா"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. அதுக்கப்புறம் அம்மா என்கூட சரியா கதைக்கவும் இல்ல.

செஞ்சவங்க இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. செஞ்சிட்டு வருத்தப்படுறவங்களும் சொல்லுங்க.

வத்தளை நோர்வூட் அண்ணன்:

தங்கச்சி, நான் நோர்வூட் பக்கத்து ஆளு, வேலை வத்தளையில. 3 வருசத்துக்கு முந்தி ஸ்லீவ் செஞ்சேன், அப்ப 134 கிலோ, இப்ப 96. நடுவுல ஒரு நேரம் 91 வரைக்கும் வந்துட்டு 5 கிலோ திரும்ப ஏறிருச்சு, அதையும் மறைக்காம சொல்றேன். 60 கிலோ ஆளா ஆயிருவோம்னு நெனச்சுக்கிட்டு போகாதீங்க. இருக்குற நிறையில கால்வாசி, கொஞ்சம் கூடப் போனா 30 வீதம், பொதுவா அவ்வளவுதான் கொறையும்னு எனக்கு மொதல்லயே சொன்னாங்க. உங்க கணக்குக்கு 118ல 30 கிலோ போனா 88. 88ல அந்த 96 படி எப்படி இருக்கும்னு மட்டும் யோசிங்க.

வயித்த ஒரே கீறா கீறுறது இல்ல, சின்னச் சின்ன ஓட்டை அஞ்சு போட்டு கமரா விட்டு செய்றாங்க. மூணாம் நாள் வீட்டுக்கு விட்டுட்டாங்க. நோவு இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா தாங்குற நோவுதான்.

எனக்கு கஷ்டமா இருந்தது அதுக்கு முந்தின 2 கிழமையும் பிந்தின 2 கிழமையும். முந்தி, ஈரலச் சுருக்கணும்னு மாச்சத்து இல்லாத கொஞ்சச் சாப்பாடு. ஈரல் கொழுப்பு புடிச்சு பெருசா இருந்தா வயித்த மறைச்சுக்கும், டொக்டருக்கு வேலை செய்ய எடம் இருக்காது. பிந்தி, வெறும் தண்ணி, சூப்பு, வடிச்ச கஞ்சி. வீட்டுக்காரி கோழிக்கறி தாளிக்கிற வாசத்துல எழும்பி வெளியில போய் ரோட்டுல நின்னிருக்கேன். பசியே இல்ல தங்கச்சி, அதுதான் விசித்திரம். பசிய எழுப்புற ஒரு சுரப்பு வெட்டி எடுக்குற அந்தப் பக்கத்துல இருந்துதான் கூட வருதாம், அதனால வயிறு கேக்காது. ஆனா மனசு கேக்கும். வயிறு அடங்கின பொறகு மனசு தனியா நின்னு சோறு கேக்கும்போதுதான் இத்தன வருசம் நான் எதுக்கு சாப்பிட்டேன்னு எனக்கே வெளங்குச்சு.

கிளினிக் நர்ஸ் தங்கச்சி:

டீச்சர், நான் சத்திரசிகிச்சை வார்ட்ல 9 வருசமா வேலை. உங்களுக்கு டொக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை, நான் பொதுவா சொல்றேன்.

சாவு பயம் இயல்பு, அதுக்கு ஒரு அளவு சொல்லணும்ல. நல்ல அனுபவம் உள்ள எடத்துல இந்த ஒப்பரேசன்ல எறந்து போறது ஆயிரத்துல ஒராள் அளவு, பித்தப்பை ஒப்பரேசனுக்கு கிட்டத்தட்ட சமம். இன்னொரு பக்கமும் இருக்கு, சும்மா இருக்குறதும் ஆபத்து இல்லாதது இல்ல. சுவீடன்ல 1987ல ஆரம்பிச்சு 4,000 பேருக்கு மேல வருசக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க, ஒப்பரேசன் செஞ்சவங்க பக்கம் சாவு கொறைவுன்னு 2007ல எழுதினாங்க. அதுல பெரும்பாலும் பழைய மாதிரி ஒப்பரேசன், இப்ப செய்ற ஸ்லீவ் இல்ல, அதையும் சேத்தே சொல்றேன்.

உங்க பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு, 47க்கு மேல. 2022ல வந்த சர்வதேச வழிகாட்டல்ல 35க்கு மேல இருந்தாலே வேற வருத்தம் இல்லாட்டியும் செய்யலாம்னு இருக்கு, நம்ம ஆசிய ஆக்களுக்கு 27.5லயே யோசிக்கலாம்னு இருக்கு. டொக்டர் அவசரப்பட்டு சொல்லல.

இப்ப மண்சரிவு விசயம். இத யாரும் கேக்க மாட்டாங்க, நீங்க கேட்டது ரொம்ப சரி. தையல் போட்ட எடத்துல கசிவு வர்றதுதான் நாங்க பயப்படுற ஒன்னு, நூத்துக்கு ஒராளுக்கு வரலாம், வந்தா பெரும்பாலும் மொத 2 கிழமைக்குள்ள. அதனால மொத 2 கிழமைக்கு மலைக்குத் திரும்பாதீங்க. வத்தளையோ கொட்டாஞ்சேனையோ சொந்தக்காரங்க வீட்ல தங்குங்க. சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சு 120க்கு மேல அடிக்குது, காய்ச்சல், வயித்து நோவு கூடிக்கிட்டே போகுது, இடது தோள்பட்டையில நோவு, மூச்செடுக்க கஷ்டம், இதுல எது வந்தாலும் விடியட்டும்னு பாக்காம அந்த ராவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாஸ்க் மெஷினையும் கையோட கொண்டு போங்க, மயக்க மருந்து குடுக்குற டொக்டர் கட்டாயம் கேப்பாங்க. மழை மாசத்துல திகதி குடுத்தா தள்ளிக் கேக்கலாம், தப்பே இல்ல.

போகவந்தலாவ பெரியவர்:

டீச்சரம்மா, நான் தோட்டத்துல 34 வருசம் வேலை செஞ்சவன். மனசுல பட்டத சொல்றேன், கோவிக்காதீங்க. நம்ம ஆக்கள் கூடையத் தூக்கிக்கிட்டு மலையேறின காலத்துல இந்த உடம்பு யாருக்கும் வரல. கோதுமை மா ரொட்டிய நிப்பாட்டிட்டு குரக்கனுக்கு மாறுங்க, வெள்ளனத்துல நடங்க, ஆண்டவன் குடுத்த வயித்துல கத்தி வைக்காதீங்க. எங்க அண்ணன் மகன் வேற ஒரு ஒப்பரேசனுக்குப் போயி திரும்பி வரல, அந்த வீடு இன்னும் எழும்பல. அதனால சொல்றேன்மா.

பண்டாரவளை அக்கா:

பெரியவரே, உங்க வீட்டு துக்கம் வெளங்குது, உங்க அக்கறையும் வெளங்குது. ஆனா இப்ப கூடை தூக்கி மலையேறுற அக்காமாருக்கே சீனியும் பிரஷரும் இருக்கே ஐயா, கிளினிக் வரிசையில பாதிப் பேரு அவங்கதான். நடக்காததால மட்டும் வர்றதுன்னா அவங்களுக்கு வந்திருக்கக் கூடாதே. விடிய ரொட்டி, மத்தியானம் ரொட்டி, நடுவுல மூணு கரண்டி சீனி போட்ட சாயத்தண்ணி, காசுக்கு அதுதான கட்டுப்படியாகுது. அதோட உடம்பு ஒரு நிறையில பழகிருச்சுன்னா கொறைக்கக் கொறைக்க பசியக் கூட்டி பழைய எடத்துக்கே இழுக்கும். நான் 4 தடவ 15 கிலோ கொறைச்சேன், 4 தடவையும் 20 ஏறுச்சு. வைராக்கியம் இல்லாம இல்ல.

தங்கச்சி, நான் செஞ்சது வயித்து பைபாஸ், வயித்துல சின்னப் பை மட்டும் விட்டு அத நேரா சிறுகுடலோட சேக்குறது, 5 வருசமாச்சு. எனக்கு நெஞ்செரிச்சல் ஏற்கனவே மோசமா இருந்ததால ஸ்லீவ் வேணாம்னு சொல்லிட்டாங்க, ஸ்லீவ்ல நெஞ்செரிச்சல் கூடலாம். உங்களுக்கு இருக்குதான்னு சொல்லிருங்க, கட்டாயம்.

வருத்தப்படுறவங்களும் சொல்லுங்கன்னு கேட்டீங்க. வருத்தப்படல, ஆனா பட்டத சொல்றேன். அஞ்சாம் மாசம் தங்கச்சி கல்யாணத்துல பாயாசம், ஒரு சின்னக் கப்புல பாதிதான், வேணாம்னா மனசு நோகுமேன்னு குடிச்சேன். கால் மணித்தியாலத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து ஒழுகி, வயித்தால போயி, பந்தல்ல இருந்து ரெண்டு பேரு புடிச்சுத்தான் கூட்டிக்கிட்டு போனாங்க. சீனி சாமான் சட்டுனு சிறுகுடலுக்குள்ள எறங்கினா அப்படித்தான், டம்பிங்னு சொல்றாங்க, பைபாஸ் செஞ்சவங்களுக்குத்தான் கூட. உசுருக்கு ஒன்னும் இல்ல, ஆனா அன்னைக்கு நான் செத்துட்டேன்னு நெனச்சேன்.

முடி. மூணாம் மாசத்துலருந்து ஆறாம் மாசம் வரைக்கும் சீப்பு நெறைய வந்துச்சு, பின்னல் பாதியாயிருச்சு. பொறகு வளந்துச்சு. தோல் தொங்குறது மட்டும் போகாது, கையிலயும் வயித்துலயும் இருக்கு, ஜாக்கெட் கைய முழங்கை வரைக்கும் தைச்சுப் போடுறேன்.

அப்பறம் ஒன்னு, நம்ம மலை ஆக்களுக்குன்னே சொல்ற விசயம், தேத்தண்ணி. சோத்தோட, சோத்துக்கு அடுத்து உடனே, இரும்புச்சத்து மாத்திரையோட, இந்த மூணு நேரமும் சாயத்தண்ணி வேணவே வேணாம், சாயம் இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. நான் மொத வருசம் இத கணக்கெடுக்கல, இரத்தம் கொறைஞ்சு படியேற முடியாம பழையபடி மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு, நிறை கொறைஞ்சும் மூச்சு வாங்குதேன்னு அழுதேன். இப்ப சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலம் கழிச்சுத்தான் குடிக்கிறேன். கல்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் 2 மணித்தியாலம் இடைவெளி. பி12 ஊசி, விட்டமின், எல்லாம் ஆயுசுக்கும். மாசாமாசம் அதுக்கு ஒரு காசு ஒதுக்கணும், இப்பவே வீட்ல கணக்குப் போட்டுருங்க.

கொட்டகலை டீச்சர்:

ஒரு பீரியட் இடைவெளியில வாசிச்சேன், கண்ணு கலங்கிருச்சு, எல்லாருக்கும் நன்றி. பெரியவரே, நான் கோவிக்கல, எங்க அப்பா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு.

வத்தளை அண்ணன் சொன்ன அந்த ஒரு வரி, மனசு தனியா நின்னு சோறு கேக்கும்னது, அதுதான் என் பயத்தோட பேரு போல இருக்கு. ஸ்கூல் விட்டு வந்தா அம்மா ரெண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் வச்சிருப்பாங்க, ரொட்டியோட ஓரம் கருகி மொறுமொறுன்னு இருக்கும், அடுப்படியில அம்மா பக்கத்துல குந்திக்கிட்டு சாப்பிடுவேன், அந்த நேரத்துலதான் அம்மா வாய தொறந்து கதைப்பாங்க. அந்த ரொட்டி போயிருச்சுன்னா எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல என்னா இருக்கும்? பசியில திங்கிறது இல்ல அது. இத டொக்டர்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல.

இன்னொரு கேள்வி, எங்களுக்கு இன்னொரு புள்ள வேணும்னு ஆசை. அதுக்கு என்னா செய்றது? கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கலாமா?

கிளினிக் நர்ஸ் தங்கச்சி:

புள்ளைக்கு ஒன்னரை வருசம் பொறுங்க, 12லருந்து 18 மாசம்னு சொல்லுவாங்க. நிறை வேகமா எறங்குற நேரத்துல கருவுல இருக்குற புள்ளைக்கு சத்து போதாது. ஆனா நிறை கொறைய ஆரம்பிச்சா கரு தரிக்கிறது லேசாயிரும், எதிர்பாராமயே புள்ள தங்கிரும், அதனால குடும்பக் கட்டுப்பாடு பத்தி முன்கூட்டியே கேளுங்க. விழுங்குற குளிசை சில பேருக்கு சரியா உறிஞ்சப்படாது, வேற வழி சொல்லுவாங்க.

விரதம் மொத வருசம் வேணாம் அக்கா. நாளைக்கு 60 கிராம் புரதம் போகணும், தண்ணி ஒன்றரை லீட்டர் மிடறு மிடறா போகணும், அதுவே சாதாரண நாள்லயே பெரிய வேலை. ஒரு முட்டையில 6 கிராம்தான் வரும், பாத்துக்கங்க. நெத்தலி, டின் மீன், பயறு, தயிர் எல்லாம் நம்ம கடையில கெடைக்கிறதே போதும். விடாம வாந்தி வந்தா மட்டும் சும்மா இருக்காதீங்க, விட்டமின் பி1 கொறைஞ்சு நரம்பப் பாதிக்கும்.

அந்த ரொட்டி விசயத்த டொக்டர்கிட்ட அப்படியே இங்க எழுதின மாதிரியே சொல்லுங்க. ஒப்பரேசனுக்கு முந்தி மனநல டொக்டர் ஒருத்தரையும் பாக்கச் சொல்லுவாங்க, அது உங்கள பெயில் பண்ண இல்ல, இதுக்குத்தான்.

மஸ்கெலியா டிரைவர்:

நான் இன்னும் செய்யல, செய்ய வேணாம்னு இப்போதைக்கு நிப்பாட்டி வச்சிருக்காங்க. காரணம் குடி. ஒப்பரேசனுக்குப் பொறகு சாராயம் சட்டுனு தலைக்கு ஏறுமாம், கொஞ்சத்துலயே, சாப்பாட்டுல ஆறுதல் தேடினவன் அத விட்டுட்டு குடிக்குப் போற ஆபத்தும் இருக்குன்னு டொக்டர் மேடம் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அன்னைக்குக் கோவம் வந்துச்சு. இப்ப 7 மாசமா தொடல. டீச்சர், உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்காது, ஆனா சோத்துக்குப் பதிலா என்னத்த வைக்கப் போறோம்ங்குற கேள்வி எல்லாருக்கும் ஒன்னுதான்னு எனக்குத் தோணுது. நான் சாயங்காலம் வண்டிய நிப்பாட்டிட்டு மவுசாக்கலை நீர்த்தேக்கத்துத் தண்ணியப் பாத்துக்கிட்டு மகன்கூட ஃபோன்ல கதைக்கிறேன். குடிக்கிற நேரம் அதுதான் முன்ன.

தலவாக்கலை கணவர்:

என் மனைவி செஞ்சு 14 மாசம். வீட்டுக்காரர் பக்கமிருந்து ஒன்னு மட்டும். அவ கொறைய கொறைய எனக்கு ஒரு பயம் வந்துச்சு, இவ வேற ஆளா ஆயிருவாளோன்னு, அத நான் வெளிய சொல்லாம எரிச்சலாக் காட்டினேன், சண்டை வந்துச்சு. ஊர்லயும் "கேன்சராம்"னு கதைச்சாங்க, அவ முகம் ஒட்டிப் போச்சுல்ல. உங்க வீட்டுக்காரரையும் கிளினிக்குக்கு கூட்டிக்கிட்டு போங்க டீச்சர், அவரு காதாலயே கேக்கட்டும். பொய்க் கதைக்கு பதில் சொல்றது அவரு வேலையா இருக்கட்டும்.

கொட்டகலை டீச்சர்:

5 கிழமை முடிஞ்சு நேத்து கிளினிக் போயிட்டு வந்தேன். வீட்டுக்காரர் வந்தாரு, ஹட்டன்ல இருந்து காலையில ரயில்ல. நெஞ்செரிச்சல் கேட்டாங்க, இல்ல. கமரா விட்டு வயித்தப் பாக்க, மனநல டொக்டரப் பாக்க, இரத்தம் எடுக்க எல்லாத்துக்கும் துண்டு குடுத்திருக்காங்க. இதெல்லாம் பாத்து முடியுற வரைக்கும் எந்த நேரமும் வேணாம்னு சொல்லலாம்னு டொக்டரே சொன்னாரு, அது கேட்டதும் பாதிப் பாரம் எறங்கிருச்சு. திகதி ஜனவரிக்கு அப்புறம்னு கேட்டிருக்கேன், மழை விட்டுரும். கொட்டாஞ்சேனையில சித்தி இருக்காங்க, 2 கிழமை அங்கதான்.

பயம் போகல. ராவுல மகள் பக்கத்துல படுத்துக்கிட்டு இன்னும் யோசிக்கத்தான் செய்றேன். ஆனா சரின்னு சொல்லிட்டேன்.

அம்மா. நேத்து ராவு வந்து அடுப்படியில குந்தினேன், இங்க எழுதினதெல்லாம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், பெரியவர் எழுதினதையும் சேத்து. அம்மா ஒன்னும் சொல்லல, ரொட்டியத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. பொறகு எழும்பி சாமான் வைக்கிற தட்டுல தேடி, மகள் குட்டியா இருந்தப்ப திரிபோஷ சத்துமா குழைச்சுக் குடுத்த சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்னு இருக்கு, ஓரத்துல ஒரு சொட்டை, அத எடுத்து சேலத் தலைப்புல தொடைச்சு என் முன்னால வச்சு, "இது நெறைய ஒருவேளைக்கு திங்கலாமா, இல்ல இதுலயும் கொறையவா"ன்னு கேட்டாங்க.

நர்ஸ் தங்கச்சி, அந்தக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி அளந்து பாத்தேன், 150 மில்லி புடிக்குது. கூழ் மாதிரி சாப்பிட ஆரம்பிக்கிற கிழமையில அதுல எவ்வளவு வைக்கணும்னு சொல்லுங்க, அம்மா கேக்குறாங்க.

கிளினிக் நர்ஸ் தங்கச்சி:

அக்கா, மொதல்ல 3, 4 மேசைக்கரண்டி, கிண்ணத்துல மூணுல ஒரு பங்கு. அரை மணித்தியாலம் எடுத்து மெதுவா. தண்ணி அதோட வேணாம், அரை மணித்தியாலம் கழிச்சு. அம்மாகிட்ட பருப்ப நல்லா மசிச்சு, தேங்காப்பால் இல்லாம, உறைப்பு இல்லாம வைக்கச் சொல்லுங்க. 150 மில்லி முழுக்க நெறையுறதுக்கு சில மாசம் போகும்னு சொல்லுங்க.